அலுவலக, கைப்பேசிப் பணிக்கு ஹெட்செட் தேர்வு: மறுமுனையில் கேட்பவரும் தம் செவியும்

கொல்கத்தா: மேசைத் தொலைபேசி, கணினி, கைப்பேசி ஆகிய மூன்றிலும் மாறி மாறிப் பேச வேண்டிய பணியாளர்களுக்கு ஹெட்செட் அன்றாடப் பணிக்கருவியாகிவிட்டது. கொல்கத்தாவின் சால்ட் லேக் செக்டார் 5, நியூ டவுன் பகுதிகளில் இயங்கும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் அழைப்பு மையங்களிலும் பணிநேரம் முழுவதும் அதனை அணிந்திருப்போர் உண்டு. எனினும் கடையில் அதனை வாங்குவோர் பெரும்பாலும் ஒரு பாடலை ஒலிக்கவிட்டுப் பார்த்து, அது தம் காதுக்கு இனிமையாக இருந்தால் விலை பேசத் தொடங்கிவிடுகின்றனர்.

பேச்சையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தச் சோதனை போதாது. அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மறுமுனையில் இருப்பவருக்குக் குரல் தெளிவாகச் சென்றடைகிறதா என்பது முதல் கேள்வி. பணி முடிந்து கருவியைக் கழற்றும்போது அணிந்திருந்தவரின் செவித்திறன் பாதிக்கப்படாமல் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. விலை, நிறுவனத்தின் பெயர், தோற்றம் ஆகியவை இவற்றுக்குப் பின்னரே வருகின்றன.

தொலைபேசியும் கொல்கத்தாவும்

இந்தியாவில் தொலைபேசிச் சேவை 1882 ஜனவரி 28 அன்று முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் ஆகிய மூன்று நகரங்களின் இணைப்பகங்களும் அன்று திறக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கல்கத்தாவில் கவுன்சில் ஹவுஸ் தெருவில் 7ஆம் எண் கட்டடத்தில் அமைந்த ‘சென்ட்ரல் எக்ஸ்சேஞ்ச்’ 93 சந்தாதாரர்களைக் கொண்டிருந்தது. அக்கால இணைப்பகங்களில் ஒவ்வோர் அழைப்பையும் ஊழியர்கள் கையால் இணைத்தனர். பேசும்போதே இரு கைகளும் வேலை செய்ய வேண்டியிருந்ததால், தலையில் அணியும் கேட்புக் கருவிகள் பயன்பாட்டுக்கு வந்தன.

நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பும் இந்நகரிலிருந்தே சென்றது. 1995 ஜூலை 31 அன்று அப்போதைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, கொல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார்.

அடுத்த மாற்றம் கொரோனா காலத்தில் வந்தது. அழைப்பு மையம் உள்ளிட்ட ‘பிற சேவை வழங்குநர்’ நிறுவனங்களுக்கான விதிமுறைகளை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் தளர்த்தியது. வீட்டிலிருந்தபடியே அழைப்புகளைக் கையாள்வது இதனால் எளிதாயிற்று. குளிரூட்டப்பட்ட கூடத்தில் நிறுவனம் வழங்கிய கருவியை அணிந்து பேசியவர்கள், மின்விசிறி சுழலும் அறையிலும் சாலையோர வீட்டிலும் அமர்ந்து பேசத் தொடங்கினர். கருவியைத் தேர்வு செய்யும் பொறுப்பும் பல இடங்களில் பணியாளரிடமே வந்து சேர்ந்தது.

யாருடைய காதுக்கு இரைச்சல் குறைகிறது?

விளம்பரங்களில் ‘இரைச்சல் நீக்கம்’ என்ற ஒரே சொல் இரு வேறு தொழில்நுட்பங்களைக் குறிக்கிறது. வாங்குவோர் ஏமாற்றம் அடைவதற்கு இந்தக் குழப்பம் ஒரு முக்கியக் காரணம்.

முதலாவது, ஏஎன்சி எனப்படும் செயல்முறை இரைச்சல் நீக்கம். வெளியிலிருந்து வரும் ஒலியைக் கருவியிலுள்ள சிறு மைக் உணர்கிறது. அதற்கு நேரெதிரான ஒலி அலையைக் கருவி உருவாக்கி, காதுக்குள் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கச் செய்கிறது. இதன் பயன் அணிந்திருப்பவருக்கு மட்டுமே. மறுமுனையில் இருப்பவருக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. ரயிலின் உறுமல், குளிர்சாதனக் கருவியின் ஓசை போன்ற தாழ்ந்த, இடைவிடாத ஒலிகளை இது நன்கு குறைக்கும். பக்கத்து இருக்கையில் பேசுபவரின் குரல், திடீரென எழும் வாகன ஒலிப்பான் ஆகியவற்றின் மீது இதன் ஆற்றல் குறைவு. ஹவுரா மைதானத்திலிருந்து ஹூக்ளி ஆற்றின் அடியாகச் செக்டார் 5 வரை 16.6 கிலோமீட்டர் செல்லும் மெட்ரோ ரயிலில் அன்றாடம் பயணிப்பவருக்கு இது உதவும். அலுவலகத்தில் அருகில் எழும் பேச்சுச் சத்தத்துக்கு அதே அளவு உதவாது.

இரண்டாவது, ஈஎன்சி என்ற பெயரில் விற்கப்படும் மைக் இரைச்சல் நீக்கம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மைக்குகள் பெறும் ஒலிகளை ஒப்பிட்டு, பேசுபவரின் குரலை மட்டும் பிரித்தனுப்ப இது முயல்கிறது. இதன் பயன் மறுமுனையில் இருப்பவருக்கே. அழைப்புப் பணிக்கு இன்றியமையாதது இதுவே. பெட்டியில் ஏஎன்சி என்று மட்டும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தால், மைக் பற்றித் தனியாகக் கேட்டறிவது அவசியம்.

மைக் இருக்கும் தொலைவு

மைக்கின் விலையைவிட அது வாயிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே குரலின் தெளிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தொலைவு இருமடங்கானால் மைக்கை அடையும் குரலின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சுற்றுப்புற இரைச்சலோ அறை முழுவதும் பரவியிருப்பதால் அவ்வாறு குறைவதில்லை. கன்னத்தை ஒட்டி நீளும் தண்டுடன் கூடிய மைக் வாயிலிருந்து 2.5 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொண்டால், காதருகே 10 சென்டிமீட்டர் தொலைவில் மைக் உள்ள சிறு இயர்பட் கருவியில் குரல் சுமார் 12 டெசிபல் குறைவாகவே பதிவாகும். இந்த இழப்பை மென்பொருள் கொண்டு ஈடுசெய்ய முயலும்போதுதான், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் மறுமுனையில் சிதைந்து ஒலிக்கிறது.

இரைச்சல் மாசு விதிகள் 2000-இன்படி, பகல் நேரத்தில் வணிகப் பகுதிகளுக்கு 65 டெசிபலும் குடியிருப்புப் பகுதிகளுக்கு 55 டெசிபலும் வரம்பாகும். இருவர் ஒரு மீட்டர் இடைவெளியில் இயல்பாகப் பேசிக்கொள்ளும் குரல் சுமார் 60 டெசிபல். அதாவது விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டாலும், வணிகப் பகுதித் தெருவின் ஓசை பேச்சுக் குரலுக்கு இணையாகவோ அதைவிடக் கூடுதலாகவோ இருக்கலாம். இத்தகைய இடங்களில் வாயருகே வரும் தண்டு மைக்கே பாதுகாப்பான தேர்வு.

தண்டு மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல், வாயின் ஓரத்தில் இரண்டு விரல் அகல இடைவெளியில் வைப்பது முறை. நேர் எதிரே இருந்தால் மூச்சுக் காற்றும், ‘ப’ போன்ற எழுத்துகளை உச்சரிக்கும்போது வெளிப்படும் காற்றும் வெடிப்பொலியாகப் பதிவாகும். மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து பேசுவோருக்கு மைக்கின் மேல் பொருத்தும் பஞ்சு உறை தேவை.

ஒரு காதா, இரு காதா?

ஒரு காதை மட்டும் மூடும் ஹெட்செட், பேசிக்கொண்டே எதிரில் வருபவரையும் கவனிக்க வேண்டிய வரவேற்பு மேசை, மருத்துவமனை முகப்பு, கடை ஆகிய இடங்களுக்கு ஏற்றது. எடையும் குறைவு. நெருக்கமான இருக்கைகள் கொண்ட அழைப்பு மையக் கூடத்தில் அது பொருந்தாது. திறந்திருக்கும் காது வழியாக இரைச்சல் புகுவதால், அணிந்திருப்பவர் தம்மையறியாமல் ஒலியளவைக் கூட்டுவார். அங்கே இரு காதுகளையும் மூடும் வகையே நல்லது. ஒரு காது ஹெட்செட்டைத் தவிர்க்க முடியாதவர்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை காதை மாற்றி அணியலாம். மைக் தண்டை இருபுறமும் திருப்ப முடிகிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

கம்பியுள்ளதா, கம்பியில்லாததா?

நாள் முழுவதும் ஒரே இருக்கையில் அமர்ந்து பேசுவோருக்குக் கம்பியுள்ள கருவியே இன்றும் நம்பகமானது. மின்கலம் தீரும் கவலை இல்லை. அருகிலுள்ள கருவிகளின் குறுக்கீடும் இல்லை. ஆனால் இணைப்பு முனை சரியாகப் பொருந்த வேண்டும். கணினிக்கு யுஎஸ்பி, பழைய கைப்பேசிகளுக்கு 3.5 மில்லிமீட்டர் முனை, புதிய கைப்பேசிகளுக்கு யுஎஸ்பி-சி, மேசைத் தொலைபேசிக்கு ஆர்ஜே-9 எனப்படும் சிறிய சதுர முனை ஆகியவை வழக்கத்தில் உள்ளன. ஆர்ஜே-9 முனை பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், உட்புறக் கம்பிகளின் வரிசை தொலைபேசி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். முனை பொருந்தியும் மைக் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மேசைத் தொலைபேசியின் மாதிரி எண்ணைக் குறித்துச் சென்று அதற்குரிய இணைப்புக் கம்பியைக் கேட்டு வாங்க வேண்டும்.

மேசைக்கும் வெளியிடத்துக்கும் இடையே நடமாடுவோருக்கு ப்ளூடூத் ஏற்றது. இது வைஃபை சேவையும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வழக்கமான ப்ளூடூத், அந்த அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை தடம் மாறிக் குறுக்கீட்டைத் தவிர்க்கிறது. இருப்பினும் ஒரே கூடத்தில் ஏராளமான கருவிகள் ஒருசேர இயங்கினால் நெரிசல் ஏற்பட்டுக் குரல் விட்டுவிட்டு ஒலிக்கக்கூடும்.

கணினி, கைப்பேசி இரண்டையும் பயன்படுத்துவோர் ஒரே நேரத்தில் இரு கருவிகளுடன் இணையும் ‘மல்டிபாயிண்ட்’ வசதி உள்ளதா என்று கேட்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் துண்டித்து மற்றொன்றை இணைக்க நேரிடும். கணினியில் செருகும் சிறு யுஎஸ்பி இணைப்பியுடன் வரும் மாதிரிகளில், அழைப்பை ஏற்பது, துண்டிப்பது, மைக்கை அணைப்பது ஆகிய பொத்தான்கள் கூட்டச் செயலிகளுடன் ஒத்து இயங்க வாய்ப்பு அதிகம்.

டெக்ட் எனப்படும் மூன்றாவது வகை, மேசையில் வைக்கும் தளக்கருவியுடன் இணைந்து, பொதுவாக ப்ளூடூத்தைவிடக் கூடுதல் தொலைவுக்கு இயங்கும். ஆனால் இதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பியக் கருவிகள் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், அமெரிக்கக் கருவிகள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இயங்குகின்றன. எனவே வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவியை, இந்தியப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்ற மாதிரிதானா என்று அறியாமல் பயன்படுத்தக் கூடாது.

பாட்டுக்கு ஒரு தரம், பேச்சுக்கு ஒரு தரம்

பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே கடத்தின. ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளைப் பிரித்துக்காட்டும் கூறுகள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேல் இருப்பதால்தான், தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வோல்டிஇ அழைப்புகளில் பயன்படும் அகன்ற அலைவரிசைக் குரல்முறை, 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. இப்பயன் கிடைக்க இரு முனைகளும் வலையமைப்பும் அதற்கு இடமளிக்க வேண்டும். ஹெட்செட்டும் அகன்ற அலைவரிசைக் குரலை ஏற்பதாக இருக்க வேண்டும்.

வழக்கமான ப்ளூடூத் கருவிகள் பாடலுக்கு ஒரு முறையையும் அழைப்புக்கு மற்றொரு முறையையும் பின்பற்றுகின்றன. பாடல் ஒலிக்கும்போது சிறப்பாக இருக்கும் ஒலி, மைக் இயங்கத் தொடங்கியதும் தரம் குறைவது இதனால்தான். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்த வேறுபாட்டைக் குறைக்கிறது. அதற்குக் கைப்பேசியும் ஹெட்செட்டும் அம்முறையை ஏற்க வேண்டும். பெட்டியில் காணப்படும் ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்ற குறிப்பு அழைப்பின் தரத்தைச் சொல்வதில்லை.

செவியின் வாராந்திரக் கணக்கு

தனிநபர் ஒலிக்கருவிகளுக்காக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து வகுத்துள்ள தரநிலையின்படி, பெரியவர்களுக்கான பாதுகாப்பு வரம்பு வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகிறது. 83 டெசிபலில் 20 மணி நேரமும், 86 டெசிபலில் 10 மணி நேரமும் மட்டுமே பாதுகாப்பானவை.

இந்தக் கணக்கை அழைப்பு மையப் பணிக்குப் பொருத்திப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வீதம் வாரத்துக்கு 5 நாள் 80 டெசிபலில் அழைப்புகளைக் கேட்பவர், பணியிலேயே வார அளவு முழுவதையும் செலவழித்துவிடுகிறார். வீடு திரும்பும் வழியில் அவர் கேட்கும் பாடல்கள் அனைத்தும் வரம்பைக் கடந்தவை. சுற்றிலும் இரைச்சல் மிகுந்திருப்பதால் ஒலியை 3 டெசிபல் மட்டும் கூட்டினாலும், மூன்றாம் நாள் நண்பகலிலேயே அந்த வாரத்தின் அளவு தீர்ந்துவிடும்.

உட்காதின் உணர்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. எனவே காதை நன்கு மூடும் மெத்தையும் ஏஎன்சி வசதியும் குறைந்த ஒலியளவில் கேட்க உதவும் பாதுகாப்பு வழிகளாகும். இணைப்புக் கோளாறால் திடீரென எழும் உரத்த ஒலியும் செவிக்குத் தீங்கானது. உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அலுவலகப் பயன்பாட்டுக்கான பல மாதிரிகளில் உண்டு; அது இருப்பதை விவரக்குறிப்பில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பணி முடிந்த பின்னரும் காதில் ரீங்காரம் நீடித்தாலோ, பேச்சு மந்தமாகக் கேட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகுவது அவசியம்.

ஈரப்பதமும் தூய்மையும்

கொல்கத்தாவின் புழுக்கமும் சென்னையின் கடலோர வெப்பமும் ஹெட்செட்டுக்கு ஒரே வகைச் சோதனைதான். செயற்கைத் தோல் உறையுள்ள காது மெத்தைகள் வியர்வையில் உரிந்துபோகும். காதுக்குள் நுழைக்கும் வகையை நீண்ட நேரம் அணிந்தால் ஈரம் தங்கித் தொற்று ஏற்படும் வாய்ப்பு உண்டு. மெத்தை, பஞ்சு உறை ஆகியவை தனியாக விற்கப்படும் மாதிரியைத் தேர்வு செய்தால், அவற்றை மட்டும் மாற்றிக் கருவியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். அடுத்த பணிநேரத்தில் வருபவருடன் கருவியைப் பகிர நேர்ந்தால், காது மெத்தையும் மைக் உறையும் ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்க வேண்டும். வெளியிடப் பணியாளர்களுக்கு நீர்த்தெறிப்பைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் மழைக்காலத்தில் உதவும்.

சாலையில் எச்சரிக்கை

ஹெட்செட் கைகளை விடுவிக்கிறதே தவிர, கவனத்தை விடுவிப்பதில்லை. வாகனம் ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவில் அபாயகரமான ஓட்டுதலாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. முதல் முறை குற்றத்துக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஹெட்செட் அணிந்து பேசினாலும் பேச்சில் மூழ்கிய மனம் சாலையைக் கவனிப்பதில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுவதே முறை. ரயில் பாதையைக் கடக்கும்போதும் சாலையில் நடக்கும்போதும் ஏஎன்சி வசதியை அணைத்து, கருவியைக் கழற்றிவிட வேண்டும்.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை

சென்னையின் ரிச்சி தெருவைப் போல, கொல்கத்தாவில் மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது சாந்தினி சௌக் சந்தை. எங்கு வாங்கினாலும் சில சோதனைகள் பொதுவானவை. கம்பியில்லா ஹெட்போன்களும் இயர்போன்களும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்தின்கீழ் வருகின்றன. கருவியிலோ பெட்டியிலோ ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் உள்ளதா என்று பார்த்து, அதனை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் ஆகியவை பெட்டியில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ரசீதைக் கேட்டுப் பெறுவது அவசியம். குறைபாடு இருந்து தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

மாதிரிக் கருவி கடையில் இருந்தால், பாடலுக்குப் பதிலாக ஓர் அழைப்பைச் செய்து பார்ப்பது நல்லது. வீட்டிலிருப்பவரையோ நண்பரையோ அழைத்து, 10 இலக்க எண் ஒன்றையும், அவர் அறியாத ஒரு பெயரையும் முகவரியையும் இயல்பான குரலில் சொல்ல வேண்டும். கடை வாசலில் தெரு ஓசைக்கு நடுவே அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். மறுமுனையில் இருப்பவர் ஒரு முறையில் பிழையின்றி எழுதிக்கொண்டால் மைக் தேறிவிட்டது. பிறகு கருவியைக் குறைந்தது 10 நிமிடம் கழற்றாமல் அணிந்திருந்து, உச்சந்தலையிலும் காதிலும் அழுத்தம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கடையிலேயே உறுத்தும் கருவியை 8 மணி நேரம் அணிய இயலாது.

சுருக்கமாகச் சொன்னால், ஒரே இருக்கையில் பேசுவோருக்கு இரு காதுகளையும் மூடும், தண்டு மைக்குடன் கூடிய யுஎஸ்பி கம்பிக் கருவி ஏற்றது. மேசைக்கும் கைப்பேசிக்கும் இடையே மாறுவோருக்கு மல்டிபாயிண்ட் வசதியுடன் தண்டு மைக் கொண்ட ப்ளூடூத் கருவி பொருந்தும். வாடிக்கையாளரை நேரிலும் கவனிப்போருக்கு ஒரு காது ஹெட்செட் போதும். சிறு இயர்பட் கருவிகள் அமைதியான அறையில் பேசும் குறுகிய அழைப்புகளுக்கே உரியவை. எந்த வகையை வாங்கினாலும், மறுமுனையில் இருப்பவர் இரண்டாம் முறை கேட்காமலும், அணிந்திருப்பவர் ஒலியைக் கூட்டாமலும் உரையாடல் முடிந்தால் அத்தேர்வு சரியானது.